கைக்காகிதத்தில் வாழ்த்து அட்டை செய்தல்

பொங்கல் திருநாளுக்கு உற்றார் உறவினர்க்கு வாழ்த்து அட்டை அனுப்பும் வழக்கம் நம் ஊர்களில் நெடுங்காலம் செழித்திருந்தது. மார்கழி பிறந்ததும் கடைவீதியில் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிடுவார்கள். பள்ளிப் பிள்ளைகள் சில்லறையைச் சேர்த்து வைத்துக்கொண்டு, யாருக்கு எந்தப் படம் என்று கூடிப் பேசி வாங்குவார்கள். கைப்பேசி எல்லார் கையிலும் வந்த பிறகு அவ்வழக்கம் பெரிதும் தேய்ந்துவிட்டது. வாழ்த்துச் செய்தி இன்று நொடியில் போய்ச் சேருகிறது. அடுத்த நொடியில் மறக்கவும் படுகிறது. ஆனால் தன் பெயரனோ பெயர்த்தியோ கையால் செய்து, தபாற்காரர் கொண்டுவந்து கொடுத்த அட்டையை எந்தப் பாட்டியும் எறிந்துவிடுவதில்லை. அது சுவாமி படத்தின் பின்னே செருகப்பட்டு ஆண்டுக்கணக்கில் இருக்கும்.

அத்தகைய அட்டைக்கு வேண்டிய காகிதத்தைக் கிராமத்திலேயே செய்து, அதில் அட்டையை அமைப்பது எப்படி என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. வீட்டளவில் செய்வோர்க்கும், மகளிர் குழுவின் வாயிலாகச் சிறு வருமானம் தேட எண்ணும் பஞ்சாயத்துக்களுக்கும் இது பயன்படும். பெரும் பொருள் ஈட்டித் தரும் தொழில் என்று இதைக் கூறுவதற்கில்லை. அப்படிச் சொல்லிப் பல குழுக்களைப் பல தொழில்களில் இறக்கிவிட்டு, விற்காத சரக்கோடு அவர்களைத் தவிக்க விட்டது போதும்.

காகிதத்தின் வரலாறு சிறிது

கையால் காகிதம் செய்வது இந்நாட்டுக்குப் புதிதன்று. ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் காகஜி என்னும் பெயருடைய குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாக இத்தொழிலைச் செய்து வருகின்றனர். ஆலைக் காகிதம் மலிந்தபோது நாடெங்கும் இத்தொழில் நலிந்தது. 1934இல் காந்தியடிகள் தோற்றுவித்த அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் அதற்கு மறுவாழ்வு தேட முனைந்தது. அச்சங்கத்தின் செயலாளராக இருந்து அரும்பணி ஆற்றியவர், தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே. சி. குமரப்பா. வார்தாவிலுள்ள மகன்வாடியில் நெல் குத்துதல், எண்ணெய் ஆட்டுதல் முதலியவற்றோடு காகிதம் செய்தலும் கற்பிக்கப்பட்டது. கிராமத்தில் வீணாகும் கந்தலும் நாரும் கிராமத்திலேயே பண்டமாக மாற வேண்டும் என்பது அவர் கொள்கை. இன்று சாங்கானேரில் உள்ள தேசியக் கைக்காகித நிலையம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

எவற்றிலிருந்து செய்யலாம்?

கைக்காகிதத்துக்கு மிகச் சிறந்த மூலப்பொருள் பருத்திக் கந்தல். நார் நீளமாதலால் காகிதம் உறுதியாக இருக்கும்; எளிதில் பழுப்பதும் இல்லை. ஆனால் துணியைக் கூழாக்குவதற்குப் பெரிய அரைவை இயந்திரம் வேண்டும். வீட்டு மிக்சியில் ஆகாது. பாலியெஸ்டர் கலந்த துணி எந்த இயந்திரத்திலும் கூழாகாது. வாழை நார் நல்ல வலிவுள்ளது. அதை விரற்கடை நீளத்துக்கு நறுக்கி, சலவைச் சோடா கரைத்த நீரில் பல மணி நேரம் வேகவைத்து, நன்கு அலசி, உரலில் இடிக்க வேண்டும். இதைப் பெரியவர்களே செய்தல் வேண்டும். சோடா நீர் கையையும் கண்ணையும் புண்ணாக்கும். வைக்கோலிலும் காகிதம் ஆகும். எனினும் அது முறுகலாக ஒடியும். தனித்துப் பயன்படுத்தாமல், அழகுக்காகக் கூழில் ஒரு பிடி தூவலாம்.

தொடங்குவோர்க்கு எளியது பழைய எழுதுதாள்தான். பிள்ளைகள் எழுதித் தீர்த்த நோட்டுப் புத்தகங்கள் போதும். பளபளப்பான விளம்பரத் தாள்களையும் பிளாஸ்டிக் பூசிய தாள்களையும் விலக்க வேண்டும். செய்தித்தாள் சேர்த்தால் அட்டை சாம்பல் நிறம் பெறும். சில மாதங்களில் பழுக்கவும் செய்யும்.

இங்கே பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. அலுவலகத்தில் பழந்தாள் குவிந்திருக்கிறது என்பதற்காக அதைக் குழுவினர்க்குத் தூக்கிக் கொடுத்துவிடலாகாது. வரவு செலவுப் பதிவேடு, வரி ரசீது, தீர்மானப் புத்தகம் ஆகியவை பாதுகாக்கப்பட வேண்டிய ஆவணங்கள். குடும்ப விவரங்கள் அடங்கிய விண்ணப்பங்களும் பிறர் கைக்குப் போகக் கூடாதவை. கழிக்கத் தக்கவை என்று விதிப்படி முடிவு செய்யப்பட்டவற்றை மட்டுமே கொடுக்கலாம். ஒரு தாள் தவறிப்போய்க் கூழாகிவிட்டால், தணிக்கையின்போது அதை எந்தத் தொட்டியில் போய்த் தேடுவது?

காகிதம் செய்யும் முறை

முதலில் சட்டம் வேண்டும். உள்ளளவு 20 சென்டிமீட்டர் நீளமும் 15 சென்டிமீட்டர் அகலமும் உள்ள இரண்டு மரச் சட்டங்களை ஊர்த் தச்சரிடம் செய்துகொள்ளலாம். ஒன்றின்மேல் கொசுவலையை இழுத்துக் கட்டி ஆணி அடிக்க வேண்டும். இது சல்லடைச் சட்டம். மற்றொன்று வலையின்றி அதன்மேல் பொருந்தி உட்காரும். மேற்சட்டத்தின் உள்ளளவே தாளின் அளவு. அதை நடுவே மடித்தால் 10க்கு 15 சென்டிமீட்டர் அட்டை கிடைக்கும். வெட்ட வேண்டிய வேலையே இல்லை. வெட்டாத ஓரத்தின் பிசிறுதான் கைக்காகிதத்தின் அழகு. அதைக் கத்தரித்து நேராக்குவோர் அதை ஆலைக் காகிதமாக்கிவிடுகிறார்கள்.

ஊசி, கம்பி முதலியவற்றை நீக்கிய தாளை ஓர் அங்குலத் துண்டுகளாகக் கிழித்து ஓர் இரவு முழுதும் நீரில் ஊற வைக்க வேண்டும். மறுநாள் ஒவ்வொரு பிடியாக, நிறைய நீர் விட்டு அரைக்க வேண்டும். கெட்டியாக அரைத்தால் மிக்சியின் மோட்டார் எரிந்துபோகும். தாளில் மை இருப்பதால், அரைத்த பாத்திரத்தைப் பிறகு சமையலுக்குக் கொள்ளலாகாது. கூழில் எழுத்துத் துணுக்குகள் தெரியாவிட்டால் பதம் சரி.

அகன்ற தொட்டியில் நீர் நிரப்பிக் கூழைக் கரைத்துக் கையால் கலக்கி, இரு சட்டங்களையும் சேர்த்துப் பிடித்துச் சாய்வாக உள்ளே செலுத்தி, மட்டமாகத் தூக்க வேண்டும். தூக்கும்போதே முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் ஒரு முறை அசைத்தால் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். நீர் வடிந்த பின் அசைத்தால் தாளில் ஓட்டை விழும். ஒவ்வொரு தாள் எடுத்ததும் தொட்டியில் கூழ் குறையுமாதலால், இரண்டு மூன்று தாளுக்கொரு முறை சிறிது கூழ் சேர்க்க வேண்டும். இல்லையேல் முதல் தாள் தடியாகவும் பத்தாவது தாள் வெங்காயத் தோல் போலவும் இருக்கும். பின்னர் மேற்சட்டத்தை நீக்கி, சல்லடையை ஈரத் துணியின்மேல் கவிழ்த்து, வலையின் பின்புறத்தைப் பஞ்சால் ஒற்றி நீரை எடுத்துவிட்டு, சட்டத்தை ஓரத்திலிருந்து மெல்லத் தூக்கினால் தாள் துணியில் தங்கிவிடும். துணியும் தாளுமாக அடுக்கி, இரு பலகைகளுக்கிடையே வைத்துக் கருங்கல் ஏற்றி நீரைப் பிழிய வேண்டும். பிறகு ஒவ்வொன்றையும் துணியோடு நிழலில் உலர்த்தலாம். கடும் வெயிலில் போட்டால் தாள் வளையும்.

அப்படியே எழுதினால் இத்தாளில் மை ஊறிப் பரவும். ஆதலால், நீர்த்த கஞ்சியில் சிறிதளவு படிகாரம் கரைத்துத் துணியால் பூசி மறுபடி உலர்த்த வேண்டும். கஞ்சி மிகுந்தால் பூச்சி அரிக்கும். உலர்ந்த தாளைச் சங்கினாலோ வழுவழுப்பான கூழாங்கல்லினாலோ தேய்த்தால் மெருகேறும். தொட்டியில் மிஞ்சிய நீரைத் துணியில் வடிகட்டி மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம். கூழோடு வாய்க்காலில் ஊற்றினால் மடையை அடைக்கும்.

பருவம் அறிந்து செய்தல்

பொங்கலுக்கு அட்டை வேண்டும் என்று கார்த்திகையில் காகிதம் செய்யத் தொடங்குவதே பலர் செய்யும் பிழை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தாள் உலராது, பூஞ்சணம் பிடிக்கும். காகிதத்தை ஆனியிலும் ஆவணியிலும் செய்து அடுக்கி வைத்துவிட வேண்டும். ஆடிக் காற்றில் தாளும் பறக்கும், புழுதியும் படியும். அம்மாதத்தில் திண்ணைக்குள் உலர்த்துவது நன்று. மழை நாட்களில் வீட்டுக்குள் உட்கார்ந்து அட்டையை அழகு செய்யலாம். வயல் வேலை மும்முரமான நாட்களில் எவரையும் இதற்கு அழைக்கக் கூடாது.

அட்டையை அமைத்தல்

அட்டையின் அழகு வெற்றிடத்தில் இருக்கிறது. கையில் கிடைத்த சரிகை, மணி, ஜிகினா எல்லாவற்றையும் ஒட்டி நிரப்புவது அழகன்று. முகப்பில் ஓர் உருவம் போதும். நம் பெண்கள் கையில் ஏற்கெனவே உள்ள கலை கோலம். ஐந்து புள்ளிக் கோலம் ஒன்றைத் தடித்த தாளில் வரைந்து வெட்டி அச்சுத் தகடாக்கி, அதன்மேல் நிறம் தோய்த்த பஞ்சால் ஒற்றினால், ஒரு நாளில் நூறு அட்டைகளுக்கு முகப்பு அமைந்துவிடும். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி ஒற்றினால் பூப்போன்ற அச்சு விழும். இது சிறு பிள்ளைகளுக்கு ஏற்றது. அரச இலையைச் சில வாரங்கள் நீரில் ஊறப்போட்டுச் சதையைக் கழுவி எடுத்தால் எஞ்சும் நரம்பு வலை, அட்டையில் ஒட்டுவதற்கு மிக நேர்த்தியானது. நாற்றம் பொறுத்துக்கொள்ள வேண்டும். பாத்திரத்தைக் கொல்லையில் வைப்பது வீட்டாரோடு நல்லுறவுக்கு உகந்தது.

நிறங்களில் காவிக்கல்லும் அவுரி நீலமும் நிலைத்து நிற்கும். மஞ்சள் கண்ணுக்கு இனியது. ஆனால் வெளிச்சம் பட்டால் வெளுக்கும். அட்டையின் உட்புறத்துக்கு மட்டும் அதைக் கொள்ளலாம். கறுப்பு மைக்குக் கடுக்காய்த் தூளை ஓரிரவு ஊறவைத்துக் காய்ச்சி வடிகட்டி, ஒரு சிட்டிகை அன்னபேதியும் சிறிது வேலம் பிசினும் சேர்க்க வேண்டும். அன்னபேதி மிகுந்தால் அம்மையே நாளடைவில் தாளைத் தின்றுவிடும். ஒட்டுவதற்கு மைதாப் பசை போதும். பூச்சி வராமலிருக்கச் சிலர் அதில் மயில்துத்தம் கலப்பர். அது நஞ்சு, பிள்ளைகள் செய்யும் இடத்தில் வேண்டாம்.

மடிப்பதற்கு முன், மை தீர்ந்த பேனாவின் முனையால் அளவுகோலை ஒட்டி ஒரு கோடு அழுத்தி இழுத்தால் மடிப்பு நேராக வரும். விவசாயிகளுக்கு உகந்த வகை ஒன்றும் உண்டு. கூழில் கீரை விதையைத் தூவிச் செய்த தாளைப் பெற்றவர் கிழித்து மண்ணில் ஊன்றினால் கீரை முளைக்கும். இதற்குத் தாளைக் கனமான கல்லால் அழுத்தக் கூடாது. ஒரே நாளில் உலர்த்திவிட வேண்டும். ஈரத்தில் கிடந்தால் விதை தாளிலேயே முளை விட்டுக் கெடும். புது விதையாகவும் இருக்க வேண்டும்.

உள்ளே என்ன எழுதுவது? "இனிய பொங்கல் வாழ்த்துக்கள்" என்று மட்டும் எழுதுவதற்கு இத்தனை பாடு வேண்டியதில்லை. "தாத்தா, நம் வெள்ளைப் பசு கிடாரி ஈன்றிருக்கிறது. நீங்கள் நட்ட தென்னையில் பாளை வெடித்துவிட்டது. பொங்கலுக்கு வந்து பாருங்கள்" என்று ஒரு பிள்ளை எழுதினால் அது கடிதம். அயலூரில் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்குப் பொங்கற்சீர் கொண்டு போகும் தம்பி, அதனோடு இப்படி ஓர் அட்டையையும் எடுத்துச் செல்லலாம். கிராம சபைக்கு முதியோரை அழைக்கவும் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு இவ்வட்டைகளைச் செய்விக்கலாம். ஒலிபெருக்கி அழைப்புக்கு வராதவரும் இதற்கு வருவர்.

விலையும் தபாலும்

விற்பனைக்குச் செய்வோர் உழைப்பைக் கணக்கில் சேர்க்க மறக்கலாகாது. விளக்கத்துக்காக எண்களை எடுத்துக்கொள்வோம். ஓர் அட்டைக்குக் காகிதச் செலவு 2 ரூபாய், உறை 2 ரூபாய், நிறமும் பசையும் 1 ரூபாய். செய்ய இருபது நிமிடம் ஆகிறது. ஒரு மணிக்கு 45 ரூபாய் கூலி என்றால் உழைப்பு 15 ரூபாய். அடக்கம் 20 ரூபாய் ஆகிவிட்டது. அதை 12 ரூபாய்க்கு விற்றுவிட்டு "7 ரூபாய் லாபம்" என்று பதிவேட்டில் எழுதும் குழு, உண்மையில் தன் கூலியில் பாதிக்கு மேல் இழந்திருக்கிறது. அச்சுத் தகட்டைக் கொண்டு நேரத்தை எட்டு நிமிடமாகக் குறைத்தால் உழைப்பு 6 ரூபாயாகும். அடக்கம் 11 ரூபாய்க்கு வரும். அப்போதுதான் 15 ரூபாய் என்று விலை சொல்லலாம். அச்சடித்த அட்டையோடு விலையில் போட்டியிடுவதை விட, பெயர் எழுதித் தரும் அட்டை, திருமண அழைப்பு, வளைகாப்பு அழைப்பு என்று முன்பணம் பெற்றுச் செய்வது மேல். அப்படிச் செய்தால் சரக்குத் தேங்காது.

நாம் கூறிய அளவுள்ள தாளை, சதுர மீட்டருக்கு 200 கிராம் என்னும் தடிப்பில் எடுத்தால் ஓர் அட்டை 6 கிராம் இருக்கும். ஒரு கிலோ பழந்தாளில், கழிவு போக, ஏறத்தாழ 140 அட்டைகள் தேறும். உறையோடு சேர்த்தால் 11 கிராம் அளவில் நிற்கும். சாதாரணக் கடிதக் கட்டணத்தின் முதற்படி 20 கிராம் வரை ஆதலால் ஒரே கட்டணத்தில் போய்விடும். மணியும் கண்ணாடித் துண்டும் ஒட்டியிருந்தால் எடை கூடுவதோடு, முத்திரை குத்தும்போது உறை கிழியும். உறையை அட்டையைவிட ஒவ்வொரு பக்கமும் அரை சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும். பிசிறு ஓரம் மடங்காமல் உட்காரும். முகவரி எழுதும் பக்கம் மட்டும் வழவழப்பான ஆலைத் தாளாக இருக்கட்டும். பின்கோடு எண்ணைத் தெளிவாக எழுதி, மார்கழி இருபதாம் நாளுக்குள் பெட்டியில் சேர்த்துவிட்டால் போகி முடிவதற்குள் அட்டை உரியவர் கையில் இருக்கும்.