ரேம் போட்டால் லேப்டாப் பறக்குமா?

பென்னாகரமோ அரூரோ பாலக்கோடோ, சில ஆண்டுகளுக்கு முன் பிளஸ் டூ முடித்த பிள்ளை உள்ள வீட்டில் ஓர் அரசு லேப்டாப்பைப் பார்க்கலாம். 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், தமிழகம் முழுக்க 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகளைக் கொடுத்தது. அக்கா வாங்கிய லேப்டாப்பில் இன்று தம்பி டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறான். அது திணறத் தொடங்கியதும் எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: “ரேம் ஏத்திடு.”

சில கருவிகளுக்கு அது சரியான வைத்தியம். பலவற்றுக்கு வீண் செலவு. எது எதற்கு என்று பார்க்கக் காசு வேண்டாம்.

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். வழக்கமாகச் செய்யும் வேலைகளைத் திறந்துவைத்துக்கொண்டு அதில் மெமரி, டிஸ்க் என்ற இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டியே நின்றால் ரேம் போதவில்லை. மெமரி பாதிதான் நிரம்பியிருக்கிறது, டிஸ்க் மட்டும் 100-லேயே நிற்கிறது என்றால் குறை ஹார்ட் டிஸ்க்கில். சுழலும் தட்டில் முள் நகர்ந்து ஒரு கோப்பைத் தேட 10 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்கு போதும். பழைய அரசு லேப்டாப்களில் இருப்பது ஹார்ட் டிஸ்க். அதே இடத்தில், அதே சாட்டா இணைப்பில் 2.5 அங்குல எஸ்எஸ்டி பொருந்தும். 4 ஜிபி ரேமும் ஹார்ட் டிஸ்க்கும் உள்ள கருவிக்கு ஒரே ஒரு செலவுதான் முடியும் என்றால், பெரும்பாலும் எஸ்எஸ்டிதான் முதலில் வாங்க வேண்டியது.

எவ்வளவு ரேம் போட்டாலும் ஏற்றுக்கொள்ளும் என்பதும் தவறு. தொடக்க காலக் கருவியில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் இன்னும் இருந்தால், அது 2 ஜிபிக்கு மேல் தொடவே தொடாது. வீட்டுக் கணினிகளுக்கான மற்ற 32 பிட் விண்டோஸுக்கு 4 ஜிபி எல்லை, அதிலும் கொஞ்சம் கழியும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் பிராசஸர் இந்தப் பழைய கருவிகளில் இல்லை. ஆகவே 64 பிட் லினக்ஸுக்கு மாறுவதே புத்திசாலித்தனம். இந்த லேப்டாப்களோடு சேர்ந்தே வந்த பாஸ் இயங்குதளமும் லினக்ஸ்தான். பலர் அதை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காதது வருத்தம்.

பென்டிரைவை ரேமாக மாற்றலாம் என்ற வீடியோக்களை நம்ப வேண்டாம். விஸ்டா காலத்தில் வந்த ரெடிபூஸ்ட் வசதி அது. டிஸ்க்கிலிருந்து படிப்பதைக் கொஞ்சம் துரிதப்படுத்துமே தவிர, ஒரு எம்பி ரேமைக்கூடக் கூட்டாது.

அடுத்தது, “லேப்டாப் ரேம்தானே, எதுவும் பொருந்தும்” என்ற நம்பிக்கை. அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பின்மூடியைத் திறந்தால், இரு பக்கக் கொக்கிகளுக்கு இடையே விரல் நீளத்தில் ஒரு பச்சைப் பலகை. கொக்கிகளை வெளிப்பக்கம் தள்ளினால் அது சாய்வாக எழும்பும். அதன் ஸ்டிக்கரில் “பிசி3எல்-12800எஸ்” என்பது போல இருக்கும். 3 என்றால் டிடிஆர்3. எல் என்றால் 1.35 வோல்ட்டிலும் ஓடும் வகை; எல் இல்லாத பழைய வகைக்கு 1.5 வோல்ட் வேண்டும், எல் மட்டுமே ஏற்கும் மதர்போர்டில் அதைப் போடக் கூடாது. 12800 என்பது நொடிக்கு இத்தனை எம்பி என்ற வேகம். கடைக்காரர் 1600 என்று சொல்வதும் இதைத்தான். டிடிஆர்3-க்கு 204 பின், டிடிஆர்4-க்கு 260. ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது நுழையாது. ஸ்டிக்கரைப் போனில் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது. சில மெலிந்த மாடல்களில் ரேம் போர்டிலேயே பற்றவைத்திருக்கும். அதற்கு ஸ்லாட்டே கிடையாது.

இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே கம்பெனி, ஒரே அளவு இருந்தே ஆக வேண்டும் என்பதில் பாதிதான் உண்மை. 4-உம் 8-உமாகக் கலந்து போட்டாலும் பெரும்பாலான கருவிகள் ஓடும். ஜோடியாக இருந்தால் வேகம் கூடுவது மெய்தான். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கருவிகளில் அது நன்றாகவே தெரியும். ஆனால் அதற்காக நல்ல நிலையில் உள்ள பழைய ரேமைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. 2400 வேகம் வரை மட்டுமே தாங்கும் கருவியில் 3200 ரேம் போட்டால் அதுவும் 2400-லேயே ஓடும். கூடக் கொடுத்த காசு போச்சு.

“பழைய ரேம் வாங்கினால் தேய்ந்திருக்கும்” என்ற பயத்தை இப்போது விடுவது அவசியம். 2025 இறுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரியை வாரிக்கொள்ள, விலை தாறுமாறாக ஏறியது. நடுத்தரக் குடும்பங்கள் நம்பி வாங்கிய குரூஷியல் பிராண்டின் சில்லறை விற்பனையிலிருந்து விலகுவதாக மைக்ரான் நிறுவனம் அந்த டிசம்பரில் அறிவித்தது. ரேமில் சுழலும் பாகம் இல்லை. எஸ்எஸ்டி போல எழுத எழுத ஆயுள் குறைவதும் இல்லை. சேலத்திலோ பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ கழற்றி விற்பதை வாங்கலாம். ஆனால் திருப்பிக் கொடுக்கும் கெடுவைப் பில்லில் எழுதி வாங்க வேண்டும். மெம்டெஸ்ட்86 என்ற இலவச நிரலைப் பென்டிரைவில் ஏற்றி, லேப்டாப்பை அதிலிருந்தே பூட் செய்து, இரவு முழுக்க ஓட விடலாம். காலையில் திரையில் ஒரே ஒரு பிழை இருந்தாலும், அன்றே கொண்டுபோய் மாற்றிவிட வேண்டும்.