முதற்படமும் வழிப்படமும்

முன்னோர் நூலைத் தழுவிப் பின்னோர் செய்யும் நூலை வழிநூல் என்பர் நம் இலக்கண நூலார். முதனூலின் முடிபோடு ஒத்து நின்று, ஆசிரியன் தான் வேண்டும் வேறுபாடு சிலவற்றைச் சேர்த்துக் கூறுதல் அதன் இயல்பாம். பழைய படக்கதையைப் புதுப்படமாக எடுக்கும் வழக்கிற்கும் இவ்விலக்கணம் நன்கு பொருந்தும். புதுப்படம் காண்போர் அதனை மட்டும் காண்பதில்லை. தம் நினைவில் நிற்கும் பழைய படத்தையும் உடன்வைத்தே காண்கின்றனர். இதனால் விளைவன யாவை என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

‘தி விமன்’ என்பது ஓர் அமெரிக்க நகைச்சுவை நாடகம். ‘மாதர்’ என்பது அப்பெயரின் பொருள். கிளேர் பூத் அம்மையார் இயற்றிய இந்நாடகம் 1936-ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க் நகரில் அரங்கேறி, 600 முறைக்கு மேல் நடிக்கப்பெற்றது. 1939-இல் மெட்ரோ கோல்ட்வின் மேயர் கம்பெனியார் அதனைப் படமாக்கினர். இயக்கியவர் ஜார்ஜ் கியூக்கர். பாத்திரங்கள் நூற்றுக்கு மேற்பட்டனவாயினும் ஆடவர் ஒருவரேனும் அதில் தோன்றார்.

கதை எளியது. மேரி என்பாள் செல்வர் மனைவி. அவள் கணவன் வாசனைப் பொருள் விற்கும் கிரிஸ்டல் என்பாள்பால் மனம் வைக்கின்றான். நகத்திற்குச் சாயமிடும் பெண்ணொருத்தி இச்செய்தியை வம்பாகப் பேசுகின்றாள். தோழியாகிய சில்வியா, மேரியும் அதனைக் கேட்கவேண்டுமென்றே அவளை அவ்விடத்திற்கு அனுப்பிவைக்கின்றாள். மேரி மணவிலக்குப் பெறுகின்றாள். பின்னர்த் தானும் சூழ்ச்சி கற்றுக் கணவனை மீட்கின்றாள். மேரியாக நார்மா ஷியரரும், கிரிஸ்டலாக ஜோன் கிராபோர்டும், சில்வியாவாக ரோசலிண்ட் ரஸ்ஸலும் நடித்தனர். படத்தின் தொடக்கத்திலேயே ஒருத்தியை மானாகவும் மற்றொருத்தியைச் சிறுத்தையாகவும் காட்டியிருப்பது, வரப்போகும் நகை எத்தகையது என்பதை முன்னரே உணர்த்தும்.

நிற்க. இந்நகைக்கு வேர் யாது? பெண்டிரின் பொல்லா நாவே என்று கூறி அமைதல் போதாது. இம்மாதருட் பலர்க்கு வீடும் உணவும் மதிப்பும் கணவனால் வருவன. அவனை இழப்பின் யாவும் இழப்பர். அக்காலத்து நியூயார்க் மாகாணச் சட்டப்படி, பிறர்மனை நாடிய குற்றத்தை மன்றத்தில் மெய்ப்பித்தாலன்றி மணவிலக்குக் கிடையாது. 1931 முதல் நெவாடா மாகாணத்தில் ஆறு வாரம் வசித்தாலே வழக்குத் தொடுக்கலாம் என்றிருந்தமையின், வசதியுடையோர் அங்குள்ள ரீனோ நகர்க்கு இரயிலேறினர். படத்திலும் மேரி அங்கேயே செல்கின்றாள். பிழைப்பே ஊசலாடும் நிலையில் நாவன்றி வேறு படைக்கலம் இல்லாதார் பேசும் பேச்சாதலின், அது கூர்மையுடையதாயிற்று.

இப்படத்தினை 1956-இல் ஆடவரையும் பாடல்களையும் சேர்த்து ஒருமுறை மாற்றியெடுத்தனர். ஆடவர் தோன்றா முறையை மீண்டும் கைக்கொண்டு 2008-ஆம் ஆண்டு செப்டம்பரில் படத்தை வெளியிட்டவர் டயேன் இங்கிலிஷ் அம்மையார். பத்தாண்டுகளுக்கு மேல் முயன்று அவர் இதனை முடித்தார். மெக் ரையன் மேரியாகவும், அனெட் பெனிங் சில்வியாகவும் நடித்தனர். இப்புதுக்கதையில் மேரி ஆடை வடிவமைத்துச் சொந்தத் தொழில் தொடங்குகின்றாள். சில்வி பத்திரிகை ஆசிரியை. பழைய படத்தின் பகைமைக்கு மாறாக நட்பே இங்குத் தலைமை பெறுகின்றது.

திறனாய்வாளருட் பெரும்பாலோர் இதனை ஏற்றிலர். பழைய கூர்மை மழுங்கியது என்றனர். தொலைக்காட்சித் தொடர் போல்கின்றது என்றனர். ரோஜர் எபர்ட் போன்ற சிலர் நன்றென்று பாராட்டினர். பொதுமக்களோ முற்றும் கைவிட்டாரல்லர்: ஏறக்குறைய 1 கோடியே 60 இலட்சம் டாலர் செலவில் எடுத்த படம் உலகெங்கும் சுமார் 5 கோடி டாலர் வசூலித்தது. முதற்படத்தை அறிந்தோர் அதன் நிழலிலேயே புதுப்படத்தைக் கண்டனர்; அறியாதோர்க்கு அஃது இனியதொரு மாலைப்பொழுதாய் அமைந்தது.

இருதிறத்தாருள் யார் கூற்று நேரிது? பழமையைப் பற்றி நின்றோரிடத்தும் குறையுண்டு. 1939-ஆம் ஆண்டுப் படந்தானும் ஒரு வழிப்படமே என்பதை அவர் மறந்தனர். நாடகத்தின் கடுஞ்சொற்கள் சில தணிக்கைக்கு அஞ்சி அதில் நீக்கப்பட்டன. கறுப்பு வெள்ளைப் படத்தின் நடுவே வண்ணத்தில் ஓர் ஆடைக் காட்சி புகுத்தப்பட்டது. அன்றியும், முதனூல் பெண்ணினத்தையே இழித்துக் கூறுகின்றது என்னும் குற்றச்சாட்டு அந்நாளிலேயே எழுந்தது. செல்வச் செருக்கும் வேலையின்மையும் கூடிய ஒரு சிறு கூட்டத்தையே தாம் எழுதியதாகப் பூத் அம்மையார் விடை கூறினார். அக்குற்றச்சாட்டை உளங்கொண்டு, பெண்ணுக்குப் பெண் துணையாவதைக் காட்ட விரும்பிய பிற்காலத்தவரின் நோக்கம் பழிக்கத்தக்கதன்று.

ஆயினும் நோக்கம் நன்றாதல் ஒன்று. கதை நிற்றல் மற்றொன்று. புதுப்படத்தார் முடிபை மாற்றினர். நிகழ்ச்சிகளைப் பெரும்பாலும் மாற்றாது விட்டனர். தன் கையால் ஈட்டி வாழத்தக்க மேரிக்குக் கணவன் பிரிவு துயரமாமேயன்றி அழிவாகாது. அழிவின் அச்சம் நீங்கியபின், அவ்வச்சத்திற் பிறந்த பழைய காட்சிகள் வேரற்ற மரம் போல் நிற்கின்றன. காண்போர்க்கு உண்டான சலிப்பின் காரணம் இதுவே என்பது எம் கருத்து.

புதிய வேர் அப்படத்திலேயே இருந்தது. சில்வி தன் பதவியைக் காத்துக்கொள்ளத் தோழியின் இரகசியத்தை வம்புச் செய்தி எழுதுவாளிடம் வெளியிடுகின்றாள். முன்னாளில் கணவனை இழக்க அஞ்சிய பெண், இந்நாளில் வேலையை இழக்க அஞ்சுகின்றாள்! இக்காட்சியை நடுவாக வைத்துக் கதையைப் பின்னியிருப்பின், நகையும் கூர்மை பெற்றிருக்கும். பின்வரும் நட்பும் விலைகொடுத்துப் பெற்றதாய் விளங்கியிருக்கும். படமோ அதனை விரைந்து கடந்து தோழியரைத் தழுவச்செய்து விடுகின்றது.

கல்லூரி ஆண்டுவிழாக்களில் பழைய நாடகங்களைக் காலத்திற்கேற்பத் திருத்தி நடிக்கும் நம் மாணவ மாணவியர்க்கு இதனின்றும் ஒரு பாடம் உண்டு. உடையையும் இடத்தையும் மாற்றுதல் எளிது. முதலாசிரியன் காட்டிய மாந்தர் எதனை இழக்க அஞ்சினர் என்று முதலில் வினவுக. நம் காலத்து மாந்தர் எதனை இழக்க அஞ்சுகின்றனர் என்று பின்னர் வினவுக. இவ்விரண்டிற்கும் விடை கண்டபின்னரே எழுதுகோலை எடுத்தல் நன்று.