மோட்டார் வண்டியில் மிஸ்ஸிங்கும் காற்றுக் கசிவும்

திண்டிவனம், விழுப்புரம் பகுதிக் கிராமங்களில் பழைய பெட்ரோல் கார் வைத்திருப்போர் பலர் அறிந்த வண்டி அம்பாஸிடர். 1958-ல் வெளிவரத் தொடங்கிய இவ்வண்டியின் தயாரிப்பு 2014-ல் நின்றுபோயிற்று. இராத்திரி வேளையில் பிரசவ வேதனை கண்ட ஸ்திரீயை முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல இத்தகைய வண்டியையே நம்பும் குடும்பத்திற்கு, எஞ்சின் நடுவழியில் தடுமாறுவது பேராபத்தாகும். ஆயினும், மிஸ்ஸிங் என்றவுடன் பிளக், காயில், கார்புரேட்டர் யாவற்றையும் மாற்றுவது பண விரயமே. குறையுள்ள இடத்தை முதலில் நிச்சயித்து, பின்னரே செலவு செய்தல் வேண்டும்.

காரணம் யாது?

பெட்ரோல் ஒரு பங்கிற்கு எடையளவில் சுமார் 15 பங்கு காற்றுச் சேர்ந்தால்தான் கலவை நன்கு எரியும். பிஸ்டன் கீழிறங்கும்போது உறிஞ்சு குழாயாகிய மேனிபோல்டில் காற்றழுத்தம் குறைகிறது. அதனால் கார்புரேட்டர் வழியே காற்றும் பெட்ரோலும் கலந்து இழுக்கப்படுகின்றன. வேறு வெடிப்பு வழியாகக் காற்றுப் புகுந்தால் கலவையில் பெட்ரோலின் அளவு குறைந்து, தீப்பொறி பட்டும் சரிவரப் பற்றாது.

இது நம் மாகாணத்திற்குப் புதிதன்று. 1941-ல் பெட்ரோல் ரேஷன் வந்தபின் பல பஸ்கள் கரிவாயுவினால் ஓட்டப்பட்டன. மதுரை டி.வி.எஸ். கம்பெனியார் அதற்கான சாதனங்களைத் தயாரித்தனர். அவற்றிலும் குழாய் மூட்டுக்களில் காற்றுப் புகுந்தால் வாயு வலிமை குன்றி, வண்டி இழுக்காது.

எந்தச் சிலிண்டர்?

வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கை பிரேக்கை இழுத்துவிடுக. மேல்துண்டும் வேஷ்டி நுனியும் விசிறியில் சிக்காதவாறு இறுகக் கட்டிக்கொள்க. எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, மின்சாரம் தாக்காத பிடியுள்ள ஸ்குரு டிரைவரால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் எஞ்சின் உடலோடு ஒரு கணம் தொடுமாறு செய்க. வேகம் குறைந்தால் அச்சிலிண்டர் வேலை செய்வதாகக் கொள்க. மாறுதல் காணாத சிலிண்டரே பழுதுற்றது.

எஞ்சினை நிறுத்தி, ஆறியபின் அதன் பிளக்கைக் கழற்றிப் பார்க்க. இளம் பழுப்பு நல்ல அடையாளம். உலர்ந்த கரி பெட்ரோல் மிகுதியையும், ஈரமான எண்ணெய்க் கரி பிஸ்டன் ரிங் அல்லது வால்வு கைடின் தேய்மானத்தையும், வெண்மை காற்று மிகுதியையும் குறிக்கும். அம்பாஸிடரின் 1489 சி.சி. எஞ்சினில் பிளக் இடைவெளி 0.025 அங்குலமும், பாயிண்டு இடைவெளி 0.015 அங்குலமும் இருத்தல் வேண்டும். பிளக்கை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் போடுக. குறையும் உடன் சென்றால் பிளக்கே காரணம். செல்லாவிடில் ஒயரை அவ்வாறே பரீட்சிக்க. அதிலும் மாறாவிடில், கசிவையும் வால்வையும் ஆராய்தல் அவசியம்.

கசிவைக் காணும் முறை

மெதுவாக ஓடும்போது நடுங்கி, வேகம் கூட்டியதும் சீராவது காற்றுக் கசிவின் முக்கிய அடையாளம். கார்புரேட்டரின் வாயில் ஓரளவு மூடியிருக்கும்போதுதான் சிறு கசிவும் பெரிதாகிறது. கார்புரேட்டர் அடிக் கேஸ்கட், மேனிபோல்டு கேஸ்கட், டிஸ்டிரிபியூட்டருக்குச் செல்லும் வாக்குவம் குழாய், பிரேக் பூஸ்டர் உள்ள வண்டிகளில் அதன் குழாய் ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க. பிரேக் குழாய் கசிந்தால் வண்டியை நிறுத்தும் வலிமையும் குறையுமாதலால் அதை ஒருநாளும் தாமதிக்கலாகாது.

எஞ்சின் ஓடும்போது ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பிடிக்க. நடுக்கம் நின்றால் கசிவு அக்குழாய் சேரும் பக்கத்தில் உளது. மூட்டுக்களில் சோப்பு நீரைத் தூரிகையால் சிறிது தடவுக. நீர் உள்ளிழுக்கப்பட்டு ஓட்டம் மாறுமிடமே கசிவு. பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கும் வழக்கம் தீ விபத்திற்கு இடமாகும். அருகிலேயே புகைக் குழாய் காய்ந்திருக்கும்.

வாக்குவம் மானி இருப்பின், நல்ல எஞ்சினில் முள் 17 முதல் 21 அங்குலம்வரை அசையாது நிற்கும். தாழ்ந்து நின்றால் கசிவோ, தீப்பொறி தாமதமோ இருக்கும். ஒழுங்காக விட்டுவிட்டுத் துடித்தால் வால்வை ஐயுறுக.

தற்காலத்தில் பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் சேர்க்கப்படுகிறது. பழைய கார்புரேட்டர்களில் இதனாலும் காற்று சற்று மிகும். ஆனால் இக்குறை எல்லா வேகத்திலும் காணப்படும். பெட்ரோல் படும் பழைய ரப்பர்க் குழாய்களையும் இதன்பொருட்டு மாற்றுதல் நலம்.

கசிவை அடைக்காமல் கார்புரேட்டர் ஸ்குருவைத் திருகிப் பெட்ரோலைக் கூட்டுவோர் உளர். நடுக்கம் சிறிது அடங்கும். ஆனால் வேகத்தில் பெட்ரோல் மிகுந்து பிளக்கில் கரி படியும், செலவும் ஏறும். ஆகையால் கசிவில்லை என்று நிச்சயித்த பின்னரே ஸ்குருவைத் தொடுக.

வாக்குவம் மானியும் இடைவெளி அளக்கும் தகடும் தனித்தனியே வாங்க வேண்டுவதில்லை. வண்டியுடையோர் நால்வர் கூடிப் பங்கிட்டு வாங்கி, ஊர்ச் சங்கக் கட்டடத்தில் வைத்து, எடுத்தவர் பெயரை நோட்டில் எழுதி வருவார்களாயின், சொற்பச் செலவில் அனைவரும் பயனடைவர்.