நிவாரணப் பணம் எதைப் பார்த்து வருகிறது?

2020-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் தேதி நாடெங்கும் ஊரடங்கு அமலுக்கு வந்தபொழுது, சானமாவு, ஓசூர்ப் பகுதிகளில் ரோஜா பறிக்கும் பக்குவத்தில் நின்றது. கலியாணங்களும் கோயில் விழாக்களும் நின்றன. பெங்களூர்ப் பூச்சந்தையும் அடைபட்டது. ரோஜாவைப் பறிக்காது விட்டால் செடி கெடும். ஆதலின் கூலி கொடுத்துப் பறித்து, அதைக் குப்பையில் கொட்ட நேர்ந்தது.

அங்ஙனம் நஷ்டப்பட்டவர்களுக்கு வந்த உதவி எத்தகையது என்பதை அங்கத்தினர்கள் ஆராய்ந்தறிய வேண்டும்.

மார்ச்சு 26-ஆம் தேதி மத்திய அரசு, பி.எம். கிசான் திட்டத்தின் ரூ. 2,000 தவணையை ஏப்ரலிலேயே கொடுப்பதாக அறிவித்தது. சுமார் 8.7 கோடி விவசாயிகளுக்கு இது உரியது. ஆயினும் இது புதுப் பணமன்று, ஆண்டுக்கு ரூ. 6,000 என 2019 முதல் வந்துகொண்டிருந்த தொகையின் ஒரு பகுதியே முன்னதாக வந்தது. ரோஜா போட்டவருக்கும் கேழ்வரகு போட்டவருக்கும் அதே ரூ. 2,000 தான். பயிரும் நஷ்டமும் அங்கே கணக்கில்லை. 2019 பிப்ரவரி 1-ஆம் தேதியன்று நிலம் யார் பெயரில் இருந்தது என்பதே கணக்கு. குத்தகைக்கு உழுதவருக்கு ஒன்றுமில்லை.

எல்லைக்கு அப்பால் வேறு முறை. 2020 மே 6-ஆம் தேதி கர்நாடக அரசு, பூ பயிரிட்டவர்களுக்கு ஹெக்டேருக்கு ரூ. 25,000 வீதம், ஒரு ஹெக்டேர் வரை, கொடுப்பதாக அறிவித்தது. அது பயிரைப் பார்த்து வந்த பணம். அமெரிக்காவிலோ, அவ்வாண்டு ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவுக்குள் விலை 5 சதவீதமேனும் சரிந்த விளைபொருள்களுக்கும் கால்நடைகளுக்கும் அளவிட்டுப் பணம் கொடுத்தனர். நஷ்டத்தைப் பார்ப்பதால் அது நியாயமான முறையே. ஆனால் அதிகம் வைத்திருப்பவனுக்கு அதிகப் பணம் என்பதும் அதனுள் அடங்கியதே; ஒருவருக்கு 2,50,000 டாலர் என்பது உச்ச வரம்பு!

நம் மாநிலத்தில் 2021 பிப்ரவரி 5-ஆம் தேதி, கூட்டுறவுப் பயிர்க்கடன் ரூ. 12,110 கோடி தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. புயல், மழை நஷ்டங்களோடு கொரோனாவும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. 16.43 லட்சம் பேர் பயனடைந்தனர். இதுவோ சங்கப் பேரேட்டைப் பார்த்து வந்தது. ஜனவரி 31-ஆம் தேதி நிலுவை வைத்திருந்தவர் தப்பினார். நகையை அடகு வைத்தேனும் தவணை தவறாமல் கட்டியவர் வெறுங்கையோடு நின்றார். நாணயமாக நடந்த அங்கத்தினருக்கு இதனால் உண்டான மனவருத்தத்தைச் சங்கங்கள் இலேசாக எண்ணலாகாது.

மற்றொன்றும் நேர்ந்தது. பி.எம். கிசானில் தாமே பதிவு செய்துகொள்ளும் வசதியைப் பயன்படுத்தி, தமிழ்நாட்டில் தகுதியில்லாத பலர் சேர்க்கப்பட்டு, ரூ. 110 கோடிக்கு மேல் முறைகேடாகச் சென்றது 2020 ஆகஸ்டில் வெளிப்பட்டது. தரகரிடம் ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் நம்பிக் கொடுத்த ஏழைகள் பலர், வந்த பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியதாயிற்று.

பட்டா இன்னும் பாட்டனார் பெயரிலேயே இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வைத்துப் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். மேற்கூறிய பிப்ரவரி 1-க்குப் பின் வாரிசு முறையில் கைமாறிய நிலத்துக்கும் பி.எம். கிசான் விதி இடமளிக்கிறது. பயிரிட்ட பருவத்திலேயே கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று, அடங்கலில் அப்பயிரே பதிவாகியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்க. குத்தகைதாரர், 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி தம் பெயரைப் பதியச் செய்யலாம். நில உடைமையாளர் முகம் சுளிப்பார் என்ற அச்சத்தால் அதற்கு முன்வருவோர் குறைவு.