செடிகளின் உறுப்புக்களும் அவற்றின் தொழில்களும்
(தோட்டக்கலை பயிலப் புகுவார்க்கு)

செங்கழுநீர் மலிந்திருந்தமையாற் செங்கழுநீர்ப்பட்டு எனப் பெயர்பெற்ற ஊரே பின்னர்ச் செங்கல்பட்டு என மருவி வழங்கலாயிற்று என்பர். செங்கழுநீர்க்கு இனமாகிய ஆம்பலின் தண்டை அறுத்துப் பார்ப்போமாயின், அதனுள்ளே நீண்ட புழைகள் இருத்தலைக் காணலாம். சேற்றிற் புதைந்து கிடக்கும் கிழங்கிற்கும் வேர்க்கும் காற்றைக் கொண்டு செல்லும் வழிகள் அவையே. நிலத்துச் செடிகள் பெரும்பாலானவற்றிற்கு இலையின் அடிப்புறத்தில் மிகுந்திருக்கும் மூச்சுத்துளைகள், நீரில் மிதக்கும் ஆம்பலிலைக்கு மேற்புறத்தில் அமைந்துள்ளன. ஓர் உறுப்பின் அமைப்பு, அது செய்யும் தொழிலுக்கும் இருக்கும் இடத்திற்கும் ஏற்றதாயிருக்கும் என்பது இதனாற் புலனாகும். இவ்வுண்மையை அறியாது தோட்டம் இடப் புகுவோன், உடற்கூறு அறியாது மருந்து கொடுக்கப் புகுந்தவனை ஒப்பான். ஆதலின் வேர், தண்டு, இலை, பூ, காய் என்னும் உறுப்புக்களை முறையே ஆராய்வாம்.

வேர்

வேரின் தொழில் இரண்டு: மரத்தை நிலத்தில் நிறுத்துதலும், நீரையும் அதிற் கரைந்த உப்புக்களையும் உறிஞ்சுதலும். உறிஞ்சும் தொழிலைச் செய்வன பருத்த வேர்கள் அல்ல. இளவேர்களின் நுனிக்குச் சற்றுப் பின்னே அமைந்த நுண்ணிய வேர்த்தூவிகளே. ஆதலால் எருவை அடிமரத்தை ஒட்டிக் குவித்தல் வீணாகும். தென்னைக்கு ஏறத்தாழ ஆறடி ஆரமுள்ள வட்டப் பாத்தி எடுத்து எருவிடுதல் இக்காரணம் பற்றியே. கன்றைப் பெயர்த்து நடுங்கால் வேர்த்தூவிகள் பெரிதும் அறுந்துபோம். மாலைப் பொழுதில் நடுதல், நிழல் அமைத்தல், இலைகளிற் சிலவற்றைக் கழித்தல் முதலியன, வேர் மீண்டும் தளிர்க்குமளவும் நீர்ச்செலவைக் குறைத்தற்பொருட்டாம்.

வேரும் மூச்சுவிடும். வேடந்தாங்கல் ஏரியில் நீர்க்கடம்பு மரங்கள் பல திங்கள் நீரில் நின்றும் பட்டுப்போவதில்லை. எல்லாச் செடிகளும் அவ்வாற்றல் உடையன அல்ல. அடியில் துளையில்லாத தொட்டியில் நாடோறும் நீர் வார்த்தால், மண்ணிடையே காற்று ஒழிந்து வேர் அழுகும். செடி வாடக் கண்டு, நீர் போதவில்லை எனக் கருதி மேலும் வார்ப்பார், அதன் அழிவை விரைவிப்பாராவர்.

நிறுத்தும் தொழிலின் அருமையை 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வீசிய வர்தா புயல் நமக்கு நன்கு காட்டிற்று. சென்னையிலும் தாம்பரம், வண்டலூர்ப் பக்கங்களிலும் எண்ணிறந்த மரங்கள் அன்று வீழ்ந்தன. கல்பாவிய தெருவோரத்தில் வேரோட இடமின்றி நிற்கும் மரமும், பையிலே நெடுநாள் இருந்து வேர் சுருண்டபின் நடப்பட்ட மரமும் காற்றைத் தாங்கும் வலியிலவாம். நடுமுன் சுருண்ட வேரை நறுக்கிவிடுதல் சிறு செயலே. அதன் பயனோ பல ஆண்டு கழித்துத் தோன்றும்.

தண்டு

இலையையும் பூவையும் தாங்கி நிற்றலோடு, தண்டு இருவழிப் பாதையாகவும் உதவுகின்றது. வேர் உறிஞ்சிய நீர் மரக்கட்டையின் வழியே மேலேறும். இலை ஆக்கிய உணவு பட்டையின் உட்புறத்து வழியே கீழிறங்கும். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள மெல்லிய வளர்படையே தண்டைப் பருக்கச் செய்வது. மரத்தைச் சுற்றிக் கம்பி இறுக்கினாலும், ஆடு பட்டையைச் சுற்றிலும் கடித்தாலும் உணவு வேரை எட்டாது. வேர் பட்டினியால் மாய, மரமும் மாயும். அவ்வுண்மையையே தோட்டக்காரர் நன்மைக்கும் பயன்படுத்துவர். விண்பதியத்திற் கிளையின் பட்டையை வளையமாக நீக்கி ஈரப்பாசி கட்டினால், இறங்கும் உணவு அறுத்த இடத்திற்கு மேலே தங்கிப் புதுவேரை விடச் செய்கின்றது.

ஒட்டுக்கட்டுதலும் வளர்படையோடு வளர்படை பொருந்துதலால் நிகழ்வதே. நம் பக்கத்துப் புதர்க்காடுகளில் தானே வளரும் உலக்கைப் பாலையின் கன்றில், அமெரிக்க நாட்டுச் சப்போட்டாவை ஒட்டி வளர்க்கின்றனர். ஒட்டிற்குக் கீழே தளிர்க்கும் கிளையைக் கிள்ளாவிடில், பாலை தழைத்துச் சப்போட்டா நலியும். தென்னைக்கும் பனைக்கும் இத்தகைய வளர்படை இன்மையின் ஒட்டுக்கட்டல் இயலாது. அவற்றின் வளர்ச்சியெல்லாம் உச்சியிலுள்ள ஒரே குருத்தில் அடங்கும். காண்டாமிருக வண்டு அக்குருத்தின் உயிர்நிலையைத் துளைத்தழிப்பின் மரமே பட்டுப்போம்.

கோவளம் முதல் மாமல்லபுரம் கடந்து செல்லும் மணற்கரையில் தண்டின் வேறொரு வேலையைக் காணலாம். அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் மணலின்மேற் படர்ந்து, கணுத்தோறும் வேரூன்றி, காற்றில் அலையும் மணலைப் பிணித்து வைக்கின்றன. களையென்று எண்ணி அவற்றைக் களைவார், மணல் தம் தோட்டத்துட் புகுதற்கு வழி திறப்பவராவர்.

இலை

செடி மண்ணைத் தின்று வளர்கின்றது என்பது பண்டையோர் கருத்து. வான் ஹெல்மான்ட் என்னும் அறிஞர் 200 இராத்தல் உலர்ந்த மண்ணில் 5 இராத்தல் எடையுள்ள அலரிவகைக் கன்றொன்றை நட்டு, நீர் மட்டும் வார்த்து வந்தார். ஐந்து ஆண்டில் மரம் 169 இராத்தலாயிற்று. மண்ணோ ஏறத்தாழ இரண்டு அவுன்சே குறைந்தது. 1648-இல் வெளிவந்த அவர் நூல் இதனைக் கூறும். நீரே மரமாயிற்று என அவர் முடிவு செய்தார். காற்றின் பங்கு பின்னரே தெரியவந்தது. கிறிஸ்தவ போதகராகிய பிரீஸ்ட்லி, மெழுகுதிரி எரிந்து கெட்ட காற்றைப் புதினாச்செடி திருத்துதலை 1771-இற் கண்டார். அதற்குச் சூரியவொளி இன்றியமையாதது என 1779-இல் இங்கன்ஹவுஸ் நிறுவினார். இலையிலுள்ள பச்சையம், சூரியவொளியின் துணையால், கரியமிலவாயுவையும் நீரையும் கொண்டு சர்க்கரையை ஆக்கிப் பிராணவாயுவை வெளியிடுகின்றது. இலையே செடியின் அடுக்களை. ஆதலிற் கவாத்துச் செய்வோர் எத்துணை இலை கழிக்கின்றோமோ அத்துணை உணவு குறையும் என்பதை மறத்தலாகாது.

கண்ணுக்கு இலையாகத் தோன்றுவன எல்லாம் இலையல்ல. நம் கடற்கரைத் தோப்புக்களிலுள்ள சவுக்கின் பசிய ஊசிகள் உண்மையில் தண்டுகளே. ஓர் ஊசியைக் கணுவில் இழுத்துப் பிரித்தால், ஆங்கே பல்போல் நிற்கும் சிறு செதில்களே அதன் இலைகளாம். இலை சுருங்கினமையால் உவர்க்காற்றில் நீர்ச்செலவும் சுருங்கிற்று.

பூவும் காயும்

பூ அழகிற்காக மட்டும் அமைந்ததன்று, காய்ப்பதற்கு அமைந்தது. தர்பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூவின் அடியிற் சிறு பிஞ்சு முன்னமே தோன்றும். தேனீக்கள் மகரந்தத்தைக் கொண்டு சேர்த்தாலன்றி அப்பிஞ்சு வெம்பி உதிரும். குறையச் சேர்ப்பின் காய் கோணும். பூ மலரும் காலைப் பொழுதில் நஞ்சு தெளிக்கும் உழவர், தம் விளைவைத் தாமே கெடுத்துக்கொள்பவராவர்.

செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கத்தார் மல்லாட்டை என வழங்கும் வேர்க்கடலை, பெயர்க்கு மாறாக, வேர் அன்று, கனியே. பூ நிலத்தின்மேல் மலர்ந்து வாடியபின், அதன் அடி விழுதாய் நீண்டு மண்ணிற் புகுந்து காயாகின்றது. விதைத்த 40 முதல் 45 நாளில் ஜிப்சம் இட்டு மண்ணணைப்பது விழுது எளிதில் இறங்குதற்கும், காய் தனக்கு வேண்டிய சுண்ணச்சத்தை மண்ணினின்றும் நேரே பெறுதற்குமாம். அதன்பின் களைகொத்தினால் விழுது அறும், காய் குறையும்.

மாணவ நண்பர்காள்! மரக்கன்று நடுவிழாக்கள் ஆண்டுதோறும் நிகழ்கின்றன. நட்டன யாவும் மரமாவதில்லை. நுமது கையிற் கன்று வருங்கால், அதன் வேர் சுருண்டுள்ளதா, ஒட்டு எங்குள்ளது, நீர் வடியுமா, வேர் பரவ இடமுண்டா என்னும் நான்கையும் ஆராய்ந்து நடுவீராக. உறுப்பையும் அதன் தொழிலையும் அறிந்து நட்ட ஒரு கன்று, அறியாது நட்ட நூறினும் நன்றாம்.