கறுவாவை இனங்காண்போம்

பிரியாணி முதல் தேநீர் வரை எமது வீடுகளில் கறுவா பயன்படுகிறது. நீரிழிவுக்கு நல்லதென்று கேள்விப்பட்டு, தினமும் காலையில் ஒரு கரண்டி கறுவாத்தூளைச் சுடுநீரில் கலந்து குடிக்கும் பெரியோரும் எம்மிடையே உளர். ஆனால் நாம் வாங்குவது எந்தக் கறுவா?

கறுவா என்ற பெயரில் இருவகைப் பட்டைகள் விற்பனையாகின்றன. ஒன்று இலங்கைக் கறுவா. மற்றது சீனா, இந்தோனேசியா, வியட்நாம் ஆகிய நாடுகளிலிருந்து வரும் கசியா. இரண்டும் ஒரே பேரினத்து மரங்களின் பட்டைகளே. விலை குறைந்தது கசியா. ஆகவே கடைகளில் அதுவே அதிகம்.

இவற்றை இனங்காணும் வழிகள்:

1. குழல்: இலங்கைக் கறுவாவில் கடதாசி போன்ற மெல்லிய பட்டைகள் பல, ஒன்றினுள் ஒன்றாகச் சுருட்டப்பட்டிருக்கும். கசியா ஒரே தடித்த பட்டை. இரு ஓரங்களும் உள்நோக்கிச் சுருண்டு, நடுவே வெற்றிடம் இருக்கும்.

2. உறுதி: முன்னையது விரலால் அழுத்தினாலே நொறுங்கும். பின்னையது மரத்துண்டு போன்றது, எளிதில் உடையாது.

3. நிறம்: முன்னையது வெளிர் கபிலம், பின்னையது செம்மை கலந்த கடும் கபிலம்.

4. சுவை: முன்னையது மென்மையும் இனிப்பும் உடையது, பின்னையது காரமானது.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? கசியாவில் கூமரின் என்னும் இயற்கைப் பொருள் அதிகம் உண்டு. இலங்கைக் கறுவாவில் அது மிகச் சொற்பமே. கூமரின் அளவு மீறினால், அதனைத் தாங்காத சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்படலாம். 2006ஆம் ஆண்டு ஜேர்மனியின் அரச ஆய்வு நிறுவனம் இதுபற்றி எச்சரித்தது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐரோப்பாவில் ஏற்கப்பட்ட நாளாந்த அளவு, உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 மில்லிகிராம். ஒரு கிராம் கசியாத்தூளில் சராசரியாக 3 மில்லிகிராம் கூமரின் உண்டு. ஆகவே 2 கிராமுடன் வரம்பு முடிந்துவிடும். ஒரு தேக்கரண்டித் தூளே அதைத் தாண்டலாம். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கோ வரம்பு அரைக் கிராம் தூள்தான். என்றோ ஒருநாள் கூடினால் அஞ்ச வேண்டியதில்லை. நாள்தோறும் தொடர்வதே கேடு.

தூளாக அரைத்தபின் கண்ணால் பிரித்தறிவது கடினம். எனவே பட்டையாக வாங்கி வீட்டில் அரைப்பதே நன்று. தூள் வாங்குவதாயின் பொதியில் ‘சிலோன்’ என்ற சொல் உள்ளதா எனப் பாருங்கள். 2022 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ‘சிலோன் சின்னமன்’ என்ற பெயர் இலங்கையில் விளைந்ததற்கே உரியது.

தினமும் கறுவாத்தூள் குடிப்போர், குறிப்பாகக் கல்லீரல் நோயுள்ளோர், தமது வைத்தியரிடம் அதனைத் தெரிவிப்பது அவசியம். நீரிழிவு மாத்திரைக்கு அது மாற்று அன்று.