பூங்காவிற்கும் பருவம் உண்டு

நமது நாட்டில் பருவங்களே இல்லை, ஆண்டு முழுவதும் வெயிலும் மழையுந்தான் என்று கூறுவோர் பலர். தமிழகத்தில் நம் முன்னோர் ஓராண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறாகப் பகுத்தனர். பூமத்திய ரேகையை அடுத்துள்ள மலேசியாவிற்கு அப்பகுப்பு அப்படியே பொருந்தாது. ஆயினும், பால்மரம் சீவும் தொழிலாளர் எவரும் இங்குப் பருவம் இல்லையென ஒப்பமாட்டார். இலையுதிர்வின்போது பால் குறைவதையும், மழை மாதங்களில் பட்டை நனைந்து வேலை தடைப்படுவதையும், காய் வெடித்து விதை சிதறும் நாட்களையும் அவர் நன்கறிவார். அந்த அறிவைத் துணைகொண்டு, ஒரு நகரப் பூங்காவை ஆண்டு முழுவதும் கண்டு மகிழ்வது எவ்வாறு என்பதை இங்கு ஆராய்வோம். எடுத்துக்காட்டாகப் பேராக் மாநிலத்தின் தைப்பிங் ஏரிப் பூங்காவைக் கொள்வோம்.

லம்பம் பூங்காவானது

தைப்பிங் ஈயத்தால் வளர்ந்த ஊர். 1937ஆம் ஆண்டு வரை பேராக்கின் தலைநகராகவும் அது விளங்கியது. ஈய மண்ணைத் தோண்டியெடுத்த பின் அங்கு எஞ்சியவை பெரும் பள்ளங்களும் மணல் மேடுகளுமே. பயனற்றுக் கிடந்த அத்தகைய லம்ப நிலம் 1880களில் பொதுப் பூங்காவாகத் திருத்தப்பட்டது. பள்ளங்கள் ஏரிகளாயின, மேடுகள் புல்வெளிகளாயின, கரையெங்கும் மரங்கள் நடப்பட்டன. இன்று ஏறத்தாழ 150 ஏக்கர் பரப்பில் விரிந்துள்ள இப்பூங்கா, நாட்டின் மிகப் பழமையான பொதுப் பூங்காக்களுள் ஒன்றாகும். ஏரிக்கரையில் உலாவக் கட்டணம் ஏதுமில்லை. தோட்டத்துத் தொழிலாளிக்கும் நகரத்துச் செல்வந்தருக்கும் அதில் ஒரே உரிமைதான்.

தூங்குமூஞ்சி மரங்கள்

இப்பூங்காவிற்குப் பெயர் தேடித் தந்தவை, நூறாண்டுகளைக் கடந்த தூங்குமூஞ்சி மரங்கள். சாலையோரத்தில் நின்று, ஏரி நீரைத் தொடுமளவிற்குக் கிளைகளை நீட்டியுள்ளன. மாலை வந்ததும் இம்மரம் தன் இலைகளை மடித்துக்கொள்ளும். ஆதலின் மலாய்க்காரர்கள் இதனைப் 'புக்குல் லீமா', அதாவது 'மணி ஐந்து' என்று அழைப்பர். இலைக்காம்பின் அடியிலுள்ள சிறு புடைப்பில் நீரழுத்தம் மாறுவதே இலை மடிவதற்குக் காரணம். தொட்டாற்சுருங்கியும் இவ்வகையைச் சேர்ந்ததே. வானம் இருண்டு மழை சூழும்போதும் இலைகள் மடிவதுண்டு. அப்போது மழைநீர் தடையின்றிக் கீழிறங்கி, மரத்தடியிலுள்ள புல்லை நனைக்கிறது.

தூங்குமூஞ்சி மரத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. நமது பால்மரத்தின் தாயகமும் அதுவே. 1877இல் சிங்கப்பூர் வழியாக வந்த பால்மரக் கன்றுகளுள் சில, தைப்பிங்கிற்கு அண்மையிலுள்ள கோலாகங்சாரில் நடப்பட்டன. கடல் கடந்து வந்த இவ்விரு மரங்களும், நம் மூதாதையரைப் போலவே, இம்மண்ணில் வேரூன்றி இந்நாட்டின் செல்வமாயின.

மாதந்தோறும் மாறும் காட்சி

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தோட்டத்தில் பால்மரங்கள் செம்மஞ்சள் நிறமேறி இலையுதிர்க்கும். தளிர் விடுவதற்கே மரம் தன் சேமிப்பைச் செலவிடுவதால் பால் குறையும். வறண்ட வாரங்களில் தூங்குமூஞ்சி மரமும் இலைகளைக் கழித்துப் புதுத் தளிர் விடும். பின்னர் வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த பூக்கள், சிறு பஞ்சுக் குஞ்சங்களைப் போல் மலரும். மரம் இலையுதிர்த்து நிற்கையில் கிளைகளின் அமைப்பும், அவற்றில் ஒட்டி வாழும் பெரணிகளும் தெளிவாகத் தெரியும். இவ்வேளையில் பூங்காவைக் காண்பவர் மரத்தின் எலும்பையே காண்கிறார் எனலாம்.

ஏப்ரல் மாதத்தில் பிற்பகல் இடிமழை மிகும். தைப்பிங்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தீபகற்பத்தில் மிகுதியாக மழை பெறும் ஊர்களுள் இதுவும் ஒன்று. ஈரக்காற்றை அருகிலுள்ள லாருட் மலை தடுத்து மேலெழச் செய்வதே இதற்குக் காரணம். இம்மாதங்களில் காலை வேளையே உலாவ உகந்தது. மழை ஓய்ந்த மறுநாள் மலைமுகட்டில் தவழும் மேகம் ஏரி நீரில் தெரிவது கண்கொள்ளாக் காட்சி.

வறட்சிக்குப் பின் திடீரெனப் பெருமழை பெய்து காற்று குளிர்ந்தால், அந்த நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முதிய மரக்கிளைகளில் தொற்றி வளரும் புறா ஆர்க்கிட் என்னும் வெண்மலர்ச் செடி, அத்தகைய மழைக்குப் பின் ஏறத்தாழ ஒன்பதாம் நாள், ஊர் முழுவதும் ஒரே காலையில் பூக்கும். மறுநாளே பூக்கள் வாடிவிடும். நாள் எண்ணிக் காத்திருந்தவருக்கே அந்தக் காட்சி கிட்டும்.

ஜூன், ஜூலை மாதங்களில் மழை சற்றுத் தணியும். குடும்பத்தோடு சோறு கட்டிக்கொண்டு சென்று புல்வெளியில் அமர்ந்து உண்ண இக்காலம் ஏற்றது. செப்டம்பர் முதல் மார்ச் வரை, வடபுலத்துக் குளிருக்கு அஞ்சித் தகைவிலான் முதலிய பறவைகள் நம் நாட்டிற்கு வருகின்றன. அக்டோபர், நவம்பரில் மழை மீண்டும் வலுக்கும். தீபாவளிக்கு வரும் உறவினரை அழைத்துச் செல்வோர் குடையை மறத்தல் ஆகாது.

கவனிக்க வேண்டியவை

இடி இடிக்கும்போது மரத்தடியில் ஒதுங்குதல் உயிருக்கு ஆபத்து. கூரையுள்ள கட்டடத்தை நாட வேண்டும். பலத்த காற்றில் முதிய மரங்களின் கிளைகள் முறியக்கூடும். ஏரிகள் ஆழமானவை, ஆகவே குழந்தைகளைக் கைப்பிடியிலிருந்து விடலாகாது. பூக்களைக் கொய்யாமலும், குப்பையைப் போடாமலும், மரப்பட்டையில் பெயர் செதுக்காமலும் இருப்பது நம் கடமை. பட்டையின் அருமையை நம்மைவிட அறிந்தவர் யாவர்?

பிள்ளைகளுக்கு விட்டுச் செல்வது

பல தோட்டங்கள் இன்று செம்பனைக்கும் வீடமைப்பிற்கும் மாறிவிட்டன. பால்மரத்தையே காணாத நம் பேரப்பிள்ளைகள் நகரங்களில் வளர்கின்றனர். இலையின் நிறங்கண்டு மாதம் சொல்வதும், காற்றின் ஈரமறிந்து மழையை முன்னுரைப்பதும் நாம் உழைப்பால் பெற்ற கல்வி. அவர்களைத் தோட்டத்திற்கு அழைத்துச் செல்ல இயலாவிடினும், பூங்காவிற்கு அழைத்துச் செல்லலாம். ஒருமுறை மட்டும் சென்றால் அவர்கள் காண்பது பச்சை நிறம் ஒன்றே. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அதே மரத்தடிக்குச் சென்றால் பருவத்தைக் காண்பர். அதைச் சுட்டிக் காட்டும் ஆசிரியர் நீங்களே.

பயிற்சி

1. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள பூங்காவில் ஒரு மரத்தைத் தேர்ந்து, அதன் இலை, பூ, காய் ஆகியவற்றை ஓராண்டு குறித்து வருக.

2. பெருமழை பெய்த நாளைக் குறித்து, ஒன்பதாம் நாள் காலையில் மரக்கிளைகளை நோக்குக.

3. நீங்கள் கண்டவற்றை வீட்டிலுள்ள சிறுவர் ஒருவரிடம் கூறி, அவரைக்கொண்டே ஏட்டில் எழுதச் செய்க.